இருபது கிராம் இலை

ஜனவரி 4, சனி

இன்று முழுக்க இலை பறித்தேன். பறித்தேன் என்று எழுதுவது சரியில்லை. அலையாத்தி மரத்தில் பழுத்த இலையை விரலால் தொட்டாலே போதும், கைக்கு வந்துவிடும். வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருக்கும் இலை எங்களுக்கு வேண்டாம். இன்றோ நாளையோ தானே விழப்போகிற இலைதான் வேண்டும்.

படகோட்டும் ஜக்கரியா பாய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கோழியத் தடவிப் பாக்குற மாதிரி தடவுறியே தங்கச்சி, இன்னிக்கு முட்டை இருக்கா?" என்றார். சிரிப்பு மட்டும் வந்தது. அவரே சொன்னார்: "பேரு கோகிலவாணி. மூணு மாசமா என் படகுல வர்ற. நீ பேசுனத எண்ணுனா ஒரு கை விரலு மிச்சமாவும்."

சாயங்காலம் நான் உதவியாளராக இருக்கிற ஆய்வு நிலையத்து வராந்தாவில் செய்தித்தாள் விரித்து இலைகளைப் பரப்பினேன். முதுகுப் பக்கம் உப்பு பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் ஐந்து மீட்டர் நைலான் வலை வாங்கினேன். ஒரு சென்டிமீட்டர் கண். அறுபது பை தைக்க வேண்டும். ஒவ்வொரு பையிலும் காய்ந்த இலை இருபது கிராம். பைகளைக் காட்டுக்குள் சேற்றில் கட்டிவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பதினைந்து பைகளை எடுத்து, கழுவி, காயவைத்து, மறுபடி எடை போட வேண்டும். இந்தக் காயலுக்குள் வெயில் நுழைகிற வாசல் பெரும்பாலும் இலைதான். ஆனால் பச்சை இலையை இங்கே அதிகம் பேர் தின்பதில்லை. அது விழுந்து, ஊறி, மக்கிய பிறகுதான் பந்தி ஆரம்பிக்கிறது. அந்தப் பந்தி எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

எனக்கு ஊசி பிடிக்க வராது. அம்மாதான் உட்கார்ந்தாள். ஆறு நாள் இறால் உரிக்கிற கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கிடந்த விரல்கள். நுனி எல்லாம் வெளுத்துச் சுருங்கி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அவற்றுக்குத் தோல் நிறம் திரும்பும். முப்பது பை தைத்தாள். போன வாரம் பறித்துக் காய்ந்த இலையை எடை போட்டு நான் கொண்டுவந்த பொட்டலங்களை அவளே பையில் கொட்டி, வாயையும் அவளே மூடினாள். ஒரு துணுக்குக்கூடக் கீழே சிந்தவில்லை.

"இத எதுக்குடி எடை போட்டுக் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா போட்டேன். திரும்ப எடுத்ததும் மறுபடி போடணும்."

"அத யாரு பாப்பாங்க?"

"பக்கத்து மேசை திலீபன் சார் பாப்பார். அப்பறம் இந்தத் திட்டத்த நடத்துற மேடம்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பையைத் தூக்கி, வலைக்கண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். குக்கர் கூப்பிட்டது, நான் எழுந்துபோய்விட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

மீதி முப்பதும் ஆயிற்று. வலை போதவில்லை. இன்னும் மூன்று மீட்டர் வாங்கிவா என்று அம்மா நேற்றே அனுப்பினாள். அறுபது பைக்கு ஐந்து மீட்டர் தாராளம் என்று நினைத்திருந்தேன். துணி விஷயத்தில் என் மனக்கணக்கு என்றைக்குமே சரியாக வந்ததில்லை. புது வலை கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, தொட்டால் தெரிகிறது.

தைத்துக்கொண்டே அம்மா கம்பெனிக் கதை சொன்னாள். புதிதாக வந்திருக்கிற பெண் கூடையில் ஓட்டை இருந்ததைக் கவனிக்கவில்லையாம். பொடி இறால் வழியெல்லாம் உதிர்ந்து, எடை குறைந்து, சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டானாம். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியான்னு கேட்டான். அந்தப் புள்ள அழுதுடுச்சு." அம்மாவின் கூடைக்குள் எப்போதும் பழைய புடவைத் துண்டு ஒன்று விரித்திருக்கும். பதினோரு வருஷத்தில் அவளை யாரும் நிற்க வைத்துக் கேட்டதில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அம்மாவுக்கு ஒரு நாள் லீவு. தூங்கட்டும் என்று அடுப்பை நானே மூட்டினேன். அடி பிடித்துவிட்டது.

ஜனவரி 17, வெள்ளி

அறுபது பையையும் கட்டி முடித்தோம். ஆறு இடம், இடத்துக்குப் பத்து. முழங்கால்வரை சேறு. மூச்சுவேர்கள் ஆணி அடித்துவைத்த மாதிரி எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்க, அவற்றின் நடுவே குச்சி ஊன்றி, எண் எழுதிய தகட்டோடு ஒவ்வொரு பையையும் கட்டினேன். எண்களைக் கலைத்துப்போட்டுத்தான் கட்ட வேண்டும். அதனால் முதல் ஞாயிறு தைத்ததும் இரண்டாம் ஞாயிறு தைத்ததும் கலந்தே கிடக்கின்றன.

நான் நகர்ந்ததும் வளைகளிலிருந்து நண்டுகள் எட்டிப் பார்த்தன. ஒன்று ஓடிவந்து பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடியது.

"விருந்து வெச்சிருக்கோம்னு சொல்லு" என்றார் பாய்.

"அதுங்களுக்குத் தெரியும் பாய்" என்றேன்.

அவர் துடுப்பை நிறுத்திவிட்டு, "அல்லாவே, பேசிடுச்சு" என்றார்.

ஜனவரி 24, வெள்ளி

மேடம் சென்னையிலிருந்து வந்திருந்தார். திட்டத்தின் அடுத்த கட்டத்துக்கு ஆராய்ச்சி மாணவர் இடம் ஒன்று இருக்கிறதாம். ஐந்து வருஷம், உதவித்தொகையோடு. மார்ச் 14 பரிசீலனைக் கூட்டத்தில் முடிந்த அட்டவணையோடு நிற்கிறவர்களுக்குத்தான் அது. அதற்குள் மூன்று முறை எடை வந்துவிடும், அது போதுமாம். "கோகிலா, உன் இலைப்பை வேலை அதுக்கு நல்லாப் பொருந்தும்மா. தயாரா இரு" என்றார்.

தலையை ஆட்டினேன். நன்றி என்று சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்தாள். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. "டாக்டர்னு போடுவாங்களா பேருக்கு முன்னாடி?" என்றாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்றேன். "பரவால்ல, போடுவாங்கல்ல?" என்றாள்.

பிப்ரவரி 1, சனி

முதல் பதினைந்து பைகள் வந்துவிட்டன.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஓவனில் காய்ந்து முடிந்ததும் எடை போட்டேன். எட்டுப் பைகளில் பதின்மூன்று கிராமுக்குப் பக்கம் இருக்கிறது. ஏழு பைகளில் பதினேழுக்கு மேல். நடுவில் ஒன்றுகூட இல்லை. ஒரே காடு, ஒரே சேறு, ஒரே இலை. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதேதான்.

பக்கத்து மேசை திலீபன் சார் எட்டிப் பார்த்தார். அவர் நாலாம் வருஷ ஆராய்ச்சி மாணவர், மே மாதம் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும், கண்ணுக்குக் கீழே எப்போதும் கருப்பு. "சேறு சரியாப் போகலையோ? நல்லாக் கழுவினியா?" என்றார். கழுவினேன். ஆனால் அவர் கேட்டதும் கழுவவில்லையோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மாவின் கம்பெனியில் இலவச மருத்துவ முகாம் நடந்ததாம். ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். உயரம், ரத்த அழுத்தம், எடை. எடை 43.

அலமாரியில் வேறொரு காகிதம் தேடும்போது நான் பன்னிரண்டாவது படித்த வருஷத்து ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்தது. அதில் அம்மா 56.

இரண்டையும் இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். நாளை நிறைய வேலை இருக்கிறது. பை எண் 11, 24, 38 மூன்றையும் மறுபடி காயவைக்க வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

இரண்டாம் முறை எடுத்த பைகளின் எடை. ஒரு கூட்டம் எட்டு, ஒன்பது கிராம். இன்னொரு கூட்டம் பதினைந்தரை. இடைவெளி இன்னும் அகன்றிருக்கிறது.

திலீபன் சார் பன் வாங்கிவந்து பாதியை என் மேசையில் வைத்தார். அட்டவணையைப் பார்த்து, "போன வருஷம் பக்கத்துக் காட்டுல எடுத்த கணக்கோட உன்னோட குறைஞ்ச எடையெல்லாம் அப்படியே பொருந்துது. கூட இருக்கிறதுதான் தப்பு. எடுத்துடு" என்றார்.

"எடுத்துடறதுன்னா?"

"விலகி நிக்கற எண்ணு. சேறு ஒட்டியிருந்துச்சுன்னு ஒரு வரி போட்டுத் தள்ளிடு. எல்லாரும் செய்யறதுதான். மார்ச் பதினாலுக்கு சுத்தமான கோடு வேணும் கோகிலா. கூட்டத்துல உக்காந்திருக்கறவங்க கோட்டதான் பாப்பாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். பன் பாதி இன்னும் பையில் இருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்மா சாப்பிடும்போது கவனித்தேன். எனக்குப் போட்ட பிறகு, பாத்திரத்தின் அடியை வழித்து அவள் போட்டுக்கொள்கிறாள். கேட்டால், "அடியிலதான்டி ருசி" என்கிறாள். இது எத்தனை வருஷமாக நடக்கிறது என்று யோசித்தேன். நான் பார்க்கும் வேலையில் கவனிப்பதுதான் முக்கியம் என்று மேடம் சொல்வார்.

மார்ச் 3, திங்கள்

நோன்பு ஆரம்பித்துவிட்டதால் பாயின் படகில் டீ பிளாஸ்க் இல்லை. நான் தண்ணீர்ப் பாட்டிலைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். "குடி தங்கச்சி, உனக்கென்ன நோன்பா? நீ மயங்கி விழுந்தா சேத்துலேர்ந்து தூக்கறது நான்தான்" என்றார். திரும்பி உட்கார்ந்து குடித்தேன்.

மூன்றாம் முறை. பதினைந்து பைகள். ஒரே குச்சியில் பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருந்த இரண்டை அவிழ்த்தபோது ஒன்று காலியாகத் தொங்கியது. இன்னொன்று தலையணை மாதிரி நிரம்பியிருந்தது. இரண்டையும் படகின் ஓரத்திலேயே வைத்துக் கழுவினேன். காலிப் பையில் என் விரல் நுழைந்தது. நிரம்பிய பையில் நுழையவில்லை. சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

உள்ளே இன்னொரு வலை இருந்தது. ஒரு வலையின் கண்ணுக்கு நடுவே இன்னொரு வலையின் முடிச்சு வரும்படி, கொஞ்சம் தள்ளி வைத்து, ஓரம் தெரியாமல் தைத்திருந்தது. பிரித்தால்தான் தெரியும். அவ்வளவு சுத்தமான தையல்.

நண்டு நுழைய முடியாத பை. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் நுண்ணுயிரும் மட்டும் உள்ளே போய் மெல்ல மெல்லத் தின்றிருக்கின்றன.

"என்ன தங்கச்சி, பேயடிச்ச மாதிரி பாக்குற?"

"ஒண்ணுமில்ல பாய்."

அவர் பையை வாங்கி விரித்துப் பார்த்தார். வலையோடு பிறந்தவர். "ரெட்ட வலை" என்றார். "நண்டுக்குக் கதவச் சாத்திட்டாங்களே. யாரு தச்சது?"

பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். மூன்று மீட்டர் வலை கூடுதலாக ஏன் வேண்டியிருந்தது என்று இப்போது தெரிகிறது.

மார்ச் 7, வெள்ளி

எடை போட்டாயிற்று. ஒற்றை வலை நாலரை. இரட்டை வலை பதினாலு.

திலீபன் சார் சொன்னபடி செய்தால் கோடு அழகாக வருகிறது. வரைந்து பார்த்தேன். வழுக்குப் பாறை மாதிரி இறங்குகிறது. இருபதுக்கு மேல் எண்களைத் தள்ள வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சேறு' என்று எழுத வேண்டும். சேறு இல்லை. எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால், அம்மா பையை நிரப்பியபோது பார்க்காதது என் தப்பு, கட்டியபோது பார்க்காதது என் தப்பு. இரண்டு மாதம் வீண். இடம் போகும். அதைவிட, யார் தைத்தது என்று கேட்பார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 12, புதன்

அம்மா வெந்தயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "சில பைக்கு மட்டும் ரெண்டு மடிப்பா வலை போட்டியாம்மா?"

அவள் முகம் மலர்ந்த விதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் பரிசு வாங்கி வந்த நாளில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"கவனிச்சியா? நீ கண்டுபுடிக்கவே மாட்டேன்னு நெனச்சேன். முதல் முப்பதுக்கு எனக்குத் தோணல. அப்பறம்தான் படுத்துக்கிட்டு யோசிச்சேன். எடை போட்டுக் குடுக்குறாங்க, திரும்ப எடை போடுறாங்க. அந்தக் கண்ணு வழியா நண்டு கைய விட்டு இழுத்துச்சுன்னா? குறைஞ்சதுன்னா உன்னத்தானே நிக்க வெச்சுக் கேப்பாங்க. நீ வாயத் தொறந்து பதில் சொல்ற ஆளா?" வெந்தயத்தை ஒரு கை அள்ளி ஊதினாள். "அந்த முப்பதும் குறையாம இருக்கா?"

"ரொம்பக் குறையலம்மா" என்றேன்.

"ஆங்" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் நடுவில். என் முறை மூன்றாவது. திரையில் முதலில் சுத்தமான கோடு வந்தது. அதை வைத்திருந்தேன். அடுத்த பக்கத்தில் எல்லாப் புள்ளிகளும் உள்ள படம். இரண்டு கோடு. அதையும் வைத்திருந்தேன். எதைக் காட்டுவது என்று காலையில் பஸ்ஸில்கூட எனக்குத் தெரியாது.

முதல் படத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். திலீபன் சார் கடைசி நாற்காலியிலிருந்து கட்டைவிரலைக் காட்டினார். நான் அடுத்த பக்கத்தைத் தட்டிவிட்டேன். அப்புறம் பேச வேண்டியதாகிவிட்டது.

"இதுல பாதிப் பை இரட்டை வலை. நண்டு உள்ள போக முடியல. நான் முன்னாடியே பாத்திருக்கணும். பாக்கல. முதல் படம்... அது சரியான படம் இல்ல."

குரல் எனக்கே கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "சத்தமா" என்றார். மறுபடி முழுவதையும் சொன்னேன். இரண்டாம் தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேடம் கையை நீட்டினார். கொண்டுபோயிருந்த இரண்டு பைகளைக் கொடுத்தேன். தையலை நகத்தால் தடவிப் பார்த்தார். "யாரும்மா தச்சது?"

"நான்தான் மேடம்."

இந்த நோட்டில் பொய் எழுதக் கூடாது என்று வைத்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன், அது பொய்.

அவர் என் கையைப் பார்த்தார், தையலைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு கூப்பிட்டார்.

"நாம கேட்ட கேள்விக்கு இது பதில் இல்ல. வேற ஒரு கேள்விக்குப் பதில். நண்டு இல்லாம காடு எவ்வளவு தின்னும், நண்டு இருந்தா எவ்வளவு தின்னும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது நண்டோட பங்கு. ஆனா எதையும் குறிச்சு வைக்காம நடந்திருக்கு, அதனால இத அப்படியே எழுத முடியாது. முதல்லேர்ந்து செய்யணும். ரெண்டு வலையும், வேணும்னே."

"சரி மேடம்."

"இந்த வருஷ இடத்துக்கு முடிஞ்ச அட்டவணை வேணும். உன்கிட்ட இல்ல. அது வேற ஆளுக்குப் போகும். உதவியாளர் வேலைய இன்னும் ஆறு மாசம் நீட்டறேன். அடுத்த வருஷம் விண்ணப்பம் போடும்போது இந்தப் பையைப் பத்தியே எழுது." பிறகு, "அறுபது பை வேணும். இதே மாதிரித் தையல். நீயே தச்சுடுவ இல்ல?" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தச்சுடறேன் மேடம்" என்றேன்.

வெளியே திலீபன் சார் நின்றிருந்தார். "ஏன்" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "எனக்கும் முதல் வருஷம் இப்படி ரெண்டு கோடு வந்துச்சு" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். இன்று சொன்னேன். அம்மா இறால் வாங்கி வந்திருந்தாள், உடைந்த இறால் கம்பெனியிலேயே மலிவாகக் கிடைக்கும். வாரத்துக்கு ஆறு நாள் உரித்தும் போதாமல் ஏழாவது நாளும் உரித்துக்கொண்டிருந்தாள்.

எப்படியெல்லாமோ சொல்ல நினைத்து, கடைசியில், "அந்த எடை குறையணும்மா. குறைஞ்சாத்தான் நல்லது" என்றேன்.

அவள் கை நின்றது. "குறையணுமா?"

சொன்னேன். வெயில் இலைக்குள் போகிறது. இலை சேற்றில் விழுகிறது. நண்டு கிழிக்கிறது, நண்டு விட்டதைக் குட்டி இறால் தின்கிறது, பெரிசானதும் வலையில் வருகிறது, ஐஸ் பெட்டியில் ஏறி உன் கூடைக்கு வருகிறது. நீ உரிச்சு நான் படிச்சேன். பையில் குறைகிறதெல்லாம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

அம்மா தன் கையிலிருந்த இறாலைப் பார்த்தாள். "அப்ப நான் வழிய அடைச்சுட்டேனா?" என்றாள்.

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். "இல்லம்மா. மேடம் ரெண்டு விதமும் வேணும்னு சொல்லிட்டாங்க. நீ பண்ணது இப்ப ஒரு சோதனை முறையாயிடுச்சு."

"பெரிய எடம் என்னாச்சு?"

"அடுத்த வருஷம்."

"என்னாலதானே?"

"நான் பாக்காததால."

சட்டிக்குள் இறாலைப் போட்டாள். வெகுநேரம் கழித்துக் கேட்டாள். "இலையில இருந்ததெல்லாம் நண்டுக்கு வந்துடுமா? நண்டுல இருந்ததெல்லாம் அடுத்ததுக்கு?"

"இல்ல. பத்துல ஒண்ணு போல. அதுவும் சில சமயம் வராது."

"மிச்சம் ஒம்பது?"

"ஓடுறது, மூச்சு விடுறது, வளை தோண்டுறது, குஞ்சு பொரிக்கிறது. வாழ்றதுக்கே செலவாயிடும். சூடாப் போயிடும். திரும்ப வராது."

"வாழ்ந்ததுக்குப் போனது எப்படி வீணாவும்?" என்றாள், நான் வீண் என்று சொன்ன மாதிரி. நான் சொல்லவில்லை.

குழம்பு கொதித்ததும் சட்டியை நான் வாங்கிக்கொண்டேன். முதலில் அவள் தட்டில் போட்டேன். "என்னடி பழக்கம் இது" என்று திட்டினாள். அடியில் இருந்ததை நான் வழித்துக்கொண்டேன். அப்படி ஒன்றும் ருசி இல்லை. கருகல்.

மார்ச் 22, சனி

அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். வரமாட்டேன் என்றாள். எனக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது, கூட வா என்று சொல்லிக் கூட்டிப்போனேன். சர்க்கரை இல்லை. ரத்தம் மிகக் குறைவு. மாத்திரை, கீரை, பேரீச்சம்பழம். டாக்டரம்மா எடை அட்டையைப் பார்த்து, "இவ்வளவு நாளா யாரும் பாக்கலையா?" என்றார்.

"நான் பாக்கல" என்றேன். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். ஜக்கரியா பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. தூக்குச்சட்டிக்கு மேல் பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்று. நான் படகில் ஒருதரம் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார். "நிறையாப் பேச ஆரம்பிச்சுட்ட, அதான் கணக்கு வெக்க முடியல" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அறுபது பை. முப்பது ஒற்றை, முப்பது இரட்டை. ஒற்றைக்குச் சிவப்பு நூல், இரட்டைக்கு நீல நூல், அப்போதுதான் குழம்பாது என்பது அம்மாவின் யோசனை. மேடத்துக்குப் போனில் சொன்னேன். "நல்லா இருக்கு, அப்படியே செய். அம்மாகிட்ட சொல்லு" என்றார்.

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன். அம்மா என்று நான் சொல்லவே இல்லை.

ஒற்றைப் பையின் வாயைத் தைக்கும்போது மட்டும் அம்மாவின் கை தயங்குகிறது. வலைக்கண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறாள். "இவ்ளோ பெரிய ஓட்டை" என்று முனகுகிறாள். பிறகு நூலைக் கடிக்கிறாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

கட்டியாயிற்று.

ஜூன் 14, சனி

செவ்வாய்க்கிழமை கடைசிப் பைகள். அறுபதாம் நாள். சிவப்பு நூல் பை எண் 7 தண்ணீரிலிருந்து வந்தபோது தகடு தவிர கனமே இல்லை. உள்ளே நாலைந்து காம்பு, ஒரு நரம்புக்கூடு, வெளியே போகத் தெரியாமல் ஒரு குட்டி நண்டு. நண்டை விட்டுவிட்டேன். எல்லாம் காய்ந்து எடை போட்டு முடிந்ததும், இன்று மேடத்திடம் கேட்டு அந்தப் பையை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு அதை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து இலையை எட்டிப் பார்க்கிற ஆளைப் போல அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது.

"நல்லாச் சாப்பிட்டிருக்குதுங்க" என்றாள். அந்தப் பையை அலமாரிக் கைப்பிடியில் மாட்டிவைத்திருக்கிறாள்.

ஆய்வு நிலையத்தில் ஆகாது என்று ஒதுக்கிய பழைய மேடைத் தராசு ஒன்றை போன மாதம் கேட்டு வாங்கிவந்திருந்தேன். மனுஷரை எடை போடத் தாராளமாகப் போதும். மாத்திரை போட்டதும் அம்மாவை அதில் ஏறச் சொன்னேன். "நான் என்னடி, இலையா?" என்று திட்டிக்கொண்டே ஏறினாள்.

பை எண் 7: இருபது கிராம், இப்போது 1.1.

அம்மா: நாற்பத்து மூன்று கிலோ, இப்போது 46.